ஹிரோஷி யமாவுச்சி

ஹிரோஷி யமாவுச்சி (நவம்பர் 7, 1927 - செப்டம்பர் 19, 2013) ஒரு சப்பானியத் தொழிலதிபர் ஆவார். கியோத்தோ நகரில் உள்ள நிண்டெண்டோ நிறுவனத்தின் மூன்றாவது தலைவராக 1949 முதல் 2002 வரை பொறுப்பு வகித்தார். சீட்டுக்கட்டுத் தயாரித்து வந்த குடும்ப நிறுவனத்தை உலகின் முன்னணி நிகழ்பட ஆட்ட நிறுவனமாக மாற்றியவர் இவரே.

வாழ்க்கைச் சுருக்கம்

இவர் கியோத்தோவில் பிறந்தார். தந்தை குடும்பத்தைப் பிரிந்து சென்றதால் தாய்வழிப் பாட்டனார், பாட்டியாரிடம் வளர்ந்தார். பாட்டனார் நோயுற்றபோது வசேடா பல்கலைக்கழகப் படிப்பைக் கைவிட்டுத் தலைமைப் பொறுப்பை ஏற்றார். வாடகைக் கார், உடனடிச் சோறு முதலிய முயற்சிகள் தோல்வியுற்ற பின், விளையாட்டுப் பொருட்களிலும் மின்னணு ஆட்டங்களிலும் நிறுவனம் வெற்றி கண்டது.

உரிம முறை

சூலை 1983இல் பேமிகாம் என்னும் ஆட்டக் கருவி 14,800 யென் விலையில் வெளியானது. அடுத்த ஆண்டு முதல் ஹட்சன், நாம்கோ போன்ற வெளி நிறுவனங்களும் அதற்கு ஆட்டங்களை உருவாக்கின. பின்னர் வந்த நிறுவனங்களுக்கு விதிகள் கடுமையாயின. அவை உரிமத் தொகை செலுத்துவதுடன், ஆட்டப் பேழைகளை (கார்ட்ரிட்ஜ்) நிண்டெண்டோவிடமே முன்பணம் கொடுத்துச் செய்து வாங்க வேண்டும். பேழைகள் விற்காவிடில் நட்டம் ஆட்டத்தை வெளியிட்டவரையே சாரும்.

அமெரிக்காவில் 1983இல் தரமற்ற ஆட்டங்கள் குவிந்ததும் சந்தை சரிந்ததற்கு ஒரு காரணமாகும். ஆகவே 1985இல் அங்கு வெளியான கருவியில், உரிமம் பெறாத பேழைகளைத் தடுக்கும் சில்லு பொருத்தப்பட்டது. ஒரு நிறுவனம் ஆண்டுக்கு ஐந்து ஆட்டங்களையே வெளியிடலாம். அவற்றை இரண்டு ஆண்டுகளுக்குப் பிற கருவிகளில் வெளியிடக் கூடாது. இக்கட்டுப்பாடுகள் சந்தையை மீட்டன. வெளி நிறுவனங்களிடையே மனக்கசப்பையும் வளர்த்தன. சப்பானியக் கருவியில் இச்சில்லு இல்லை. 1990களில் தமிழகச் சிற்றூர்களில் "டிவி கேம்" என விற்கப்பட்டவை பெரும்பாலும் அக்கருவியின் உரிமமற்ற நகல்களே.

வெளி நிறுவனங்களின் விலகல்

குறுந்தட்டுக் கருவி ஒன்றை உருவாக்க சோனியுடன் செய்த உடன்பாட்டை ஒதுக்கிவிட்டு, நிண்டெண்டோ 1991இல் பிலிப்சுடன் இணைந்தது. சோனி தனித்து முயன்று, திசம்பர் 1994இல் பிளேஸ்டேசனை வெளியிட்டது. குறுந்தட்டைச் செய்ய ஆகும் செலவும் காலமும் குறைவு. இருப்பினும் 1996இல் வந்த நிண்டெண்டோ 64 கருவி ஆட்டப் பேழையையே பயன்படுத்தியது. ஸ்கொயர் நிறுவனம் தனது ஃபைனல் ஃபேன்டசி 7 ஆட்டத்தை 1997இல் பிளேஸ்டேசனில் வெளியிட்டது. பிளேஸ்டேசன் 10 கோடிக்கு மேல் விற்பனையாக, நிண்டெண்டோ 64 சுமார் 3.3 கோடி மட்டுமே விற்பனையானது.

இறுதிக் காலம்

யமாவுச்சி 2002இல் பதவி விலகி, சட்டோரு இவாட்டாவைத் தலைவராக்கினார். குடும்பத்தைச் சேராத முதல் தலைவரான இவாட்டா, நிண்டெண்டோவுக்கு ஆட்டங்களை உருவாக்கித் தந்த எச்.ஏ.எல். என்னும் வெளி நிறுவனத்தின் முன்னாள் தலைவர் ஆவார். யமாவுச்சி நுரையீரல் அழற்சியால் தமது 85ஆம் அகவையில் காலமானார்.