வானை நாடியவர் வீதிக்குத் தந்த இயந்திரம்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய வீதிகளிலும், 2009 இல் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலத்திலும் முச்சக்கர வண்டிகளை நாம் நாள்தோறும் காண்கின்றோம். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என மூவினத்தோருக்கும் சோறிடும் வாகனம் அது. அதன் மூலவடிவத்தைத் தந்த கொரடினோ டஸ்கானியோவை அறிந்தோர் மிகச் சிலரே.

இத்தாலியின் பொப்போலி எனும் ஊரில் 1891 இல் பிறந்த அவர், டூரின் நகரில் கற்று 1914 இல் பொறியியலாளரானார். அவரது நாட்டம் வானிலேயே இருந்தது. 1930 ஒக்டோபரில் அவர் வடிவமைத்த ஹெலிகொப்டர் 8 நிமிடம் 45 செக்கன்கள் பறந்து உலக சாதனை படைத்தது. எனினும் அதனை மேலும் வளர்க்கப் போதிய ஆதரவு கிட்டவில்லை. 1932 இல் அவர் பியாஜியோ நிறுவனத்தின் விமானப் பணியில் இணைந்தார்.

அக்கால விமானங்கள் பலவற்றில் இயந்திரத்தைக் குளிர்வித்தது நீரன்று, காற்றே. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி திருகோணமலைமீது குண்டு வீசிய ஜப்பானிய விமானங்களும் அவ்வகையினவே. பொன்டெடேராவிலிருந்த பியாஜியோ தொழிற்சாலையும் போரில் குண்டுகளுக்கு இரையாயிற்று.

போர் முடிந்ததும் விமான உற்பத்தி முடங்கியது. எளியோருக்கான மலிவான வாகனமொன்றை வடிவமைக்குமாறு என்ரிகோ பியாஜியோ அவரைப் பணித்தார். டஸ்கானியோவுக்கோ மோட்டார் சைக்கிளே பிடிக்காது. ஆகவே ஆடையைக் கறைப்படுத்தும் சங்கிலியை நீக்கி, இயந்திரத்தைப் பின்சில்லுடன் நேரடியாகப் பிணைத்தார். விமானச் சில்லைப் போன்று, முன்சில்லையும் ஒரு பக்கத் தண்டிலேயே பொருத்தினார். 1946 ஏப்ரலில் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்ட அவ்வாகனமே வெஸ்பா.

அதன் 98 சீசீ இயந்திரம் தகட்டு மூடிக்குள் இருந்தமையால் எதிர்க்காற்று அதனை எட்டாது. எனவே இயந்திரத்துடன் சேர்ந்து சுழலும் விசிறி, உருளையின் செதில்கள்மீது காற்றைச் செலுத்திற்று. நீரும் வேண்டாம், ரேடியேட்டரும் வேண்டாம். பாரமும் விலையும் குறைந்தன. வீதியோரத்திலேயே திருத்திவிடவும் முடிந்தது.

1948 இல் 125 சீசீ வெஸ்பாவும், ஆப்பே எனும் முச்சக்கர வண்டியும் வந்தன. 1960 களில் பியாஜியோவின் அனுமதியுடன் இந்தியாவின் பஜாஜ் நிறுவனம் இவ்வகை வாகனங்களைத் தயாரித்தது. அவ்வழியில் வந்த வண்டிகளே நம் வீதிகளையும் நிறைத்தன. புகை மிகுந்த டூ ஸ்ட்ரோக் முச்சக்கர வண்டிகளின் இறக்குமதியை இலங்கை 2008 இல் நிறுத்தியது. ஆயினும் பின்வந்த போர் ஸ்ட்ரோக் வண்டிகள் பலவற்றிலும் காற்றால் குளிர்விக்கும் முறையே தொடர்ந்தது.

1981 இல் டஸ்கானியோ காலமானார். ஹெலிகொப்டருக்காக ஏங்கியவரை உலகம் ஸ்கூட்டரால் நினைவில் வைத்திருக்கிறது. இதனை அவரது தோல்வி எனக் கூற நாம் உடன்படோம். போரும் 2004 ஆழிப்பேரலையும் தொழில்களைப் பறித்த மாவட்டம் இது. இங்குள்ள இளைஞர் அவரிடம் கற்கவேண்டியது ஒன்றுண்டு: கனவுக்கான வழி அடைபட்டாலும், கற்ற கைத்திறன் வீணாவதில்லை. அத்திறனைக் கற்பிக்கும் பயிற்சிக்கூடங்களை வளர்ப்பது பொறுப்பிலுள்ளோரின் கடன்.