இரும்பு நீண்டதை அளந்தவர்: ஜேம்ஸ் யூல்

பாடசாலையில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு யூல் என்பது சக்தியின் அலகு. அந்தப் பெயருக்குரிய ஜேம்ஸ் பிரெஸ்கொட் யூல் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவரல்லர். பியர் வடிசாலை உரிமையாளர் ஒருவரின் மகன்.

1818 டிசெம்பர் 24 அன்று இங்கிலாந்தின் சல்ஃபோர்ட்டில் பிறந்தார். சிறுவயதில் முதுகெலும்பில் பலவீனம் இருந்ததால் வீட்டிலேயே கல்வி கற்றார். அணுக் கோட்பாட்டால் புகழ்பெற்ற ஜோன் டோல்ற்றன் சிலகாலம் அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். வளர்ந்தபின் வடிசாலையில் வேலை, மிஞ்சிய நேரத்தில் பரிசோதனை என்று வாழ்ந்தார்.

1840களின் தொடக்கத்தில் மன்செஸ்டர் இயந்திரத் தொழிலாளி ஒருவர் அவரிடம் ஒரு யோசனை சொன்னார். இரும்பைக் காந்தமாக்கினால் அதன் கனவளவு கூடும், அதைக்கொண்டு எந்திரம் இயக்கலாம் என்பதே அது. யூல் சோதித்துப் பார்த்தார். கம்பிச் சுருளுக்குள் வைத்த இரும்புக் கோல் மின்னோட்டம் பாய்ந்ததும் நீண்டது. நீண்டது சுமார் 7 இலட்சத்து 20 ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஒரு மீற்றர் கோலில் இது மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குகூட இல்லை.

கோலை நீர் நிரம்பிய குழாயில் வைத்தும் காந்தமாக்கினார். மேலே பொருத்திய நுண்குழாயில் நீர்மட்டம் அசையவில்லை. கோல் நீண்ட அளவுக்கு மெலிந்திருந்தது, கனவளவு மாறவில்லை. எந்திரக் கனவு பலிக்கவில்லை. ஆனாலும் கண்டதைக் கண்டபடியே 1842இல் அறிவித்தார்.

இரும்புக்குள் நுண்ணிய காந்தப் பகுதிகள் பல திசைகளில் கிடக்கின்றன, காந்தப்புலம் அவற்றை ஒரே திசைக்குத் திருப்பும்போது உருவமும் மாறுகிறது என்பது பிற்காலத்தில்தான் விளங்கியது.

வெப்பமும் வேலையும் ஒன்று மற்றொன்றாக மாறுபவை என்று அவர் சொன்னபோது அறிஞர்கள் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1844இல் ரோயல் சொசைற்றி அவரது கட்டுரையொன்றை வெளியிட மறுத்தது. அதே சங்கம் 1850இல் அவரை உறுப்பினராக்கியது. 1854இல் மனைவி அமேலியா இறந்தார். பிற்காலத்தில் கைப்பணமும் கரைந்தது. 1878 முதல் அரசின் ஓய்வூதியம் கிடைத்தது. 1889 ஒக்டோபர் 11 அன்று காலமானார். வெப்பத்துக்கும் வேலைக்கும் இடையே அவர் அளந்த 772.55 என்ற எண் அவரது கல்லறையில் பொறிக்கப்பட்டுள்ளது.

அந்த நுண்ணிய நீட்சியைப் பின்னாளில் கடற்படைகள் எடுத்துக்கொண்டன. நீர்மூழ்கிகளைத் தேடும் ஒலிக்கருவிகளில் முதலில் நிக்கல் உதவியது. 1970களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்தில் ரேர்பியம், டிஸ்புரோசியம், இரும்பு சேர்ந்த ரேர்ஃபெனோல் என்ற கலப்புலோகம் உருவானது. காந்தப்புலத்தில் அது மீற்றருக்கு ஒரு மில்லிமீற்றருக்கும் மேலாக நீளக்கூடியது. பற்காறை அகற்றும் கருவிகள் சிலவும் இதே விளைவால் அதிர்கின்றன. வீதியோர ட்ரான்ஸ்போமரின் ஓயாத இரைச்சலுக்கும் முக்கிய காரணம், அதற்குள்ளிருக்கும் இரும்பு செக்கனுக்கு 100 தடவை இப்படி உருமாறுவதுதான்.