விளக்கும் சன்னலும்

கைவிளக்கேந்திய காரிகை என நாங்கள் சிறு வகுப்பிலேயே படித்த பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1820-ஆம் ஆண்டு இத்தாலியில் செல்வக் குடும்பத்தில் பிறந்தார். 1854-இல் கிரிமியப் போரில் காயமுற்ற வீரர்களைப் பேண 38 பெண்களுடன் துருக்கியின் ஸ்குட்டாரி மருத்துவமனைக்குச் சென்றார். அவர்களுள் பத்துப் பேர் கத்தோலிக்கக் கன்னியர் என்பதில் எங்களுக்குத் தனிப் பெருமை!

அங்கே குண்டடியைவிடக் கட்டடமே பலரைக் கொன்றது. தரைக்கடியில் சாக்கடை தேங்கி நின்றது. நெருக்கமான அறைகளில் காற்றோட்டமே இல்லை. 1855 மார்ச்சில் வந்த சுகாதாரக் குழுவினர் சாக்கடையைத் துப்புரவாக்கிக் காற்றுக்கு வழி செய்தனர். பிப்ரவரியில் நூற்றுக்கு ஏறத்தாழ 42 ஆக இருந்த சாவு, ஜூனில் 2 ஆகக் குறைந்தது. நாடு திரும்பிக் கணக்குகளை ஆராய்ந்த பிறகே அம்மையாருக்கு இதன் உண்மை முழுதும் விளங்கிற்று.

இந்தியாவுக்கு அவர் வந்ததேயில்லை. ஆயினும் இங்குள்ள படைவீடுகளின் விவரங்களை வரவழைத்துப் படித்தார். ஆண்டுதோறும் ஆயிரம் ஆங்கிலேய வீரருக்கு 69 பேர் மாண்டதற்கு நெரிசலும் கெட்ட நீரும் வடிகாலின்மையுமே காரணம் என 1863-இல் எடுத்துக்காட்டினார்.

அறைக்காற்று வெளிக்காற்றைப் போலத் தூயதாயிருக்க வேண்டும், நோயாளியும் குளிரில் நடுங்கக் கூடாது என்பது அவர் வகுத்த முதல் விதி. உதகையின் உறைபனி இரவில் சன்னலை இறுக மூடி, கரியடுப்பை உள்ளே வைத்து உறங்குவோரை அவர் கண்டிருந்தால் சும்மா விட்டிருப்பாரா? கரி எரிகையில் எழும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை; உறங்குபவர் விழிக்காமலே இறந்துபோவதுண்டு. கூடுதலாக ஒரு கம்பளி, சிறிது திறந்த சன்னல்; அம்மையார் சொல்லியிருப்பது இவ்வளவே.

1910 ஆகஸ்டு 13-ஆம் நாள், தம் 90-ஆம் வயதில் அவர் லண்டனில் காலமானார்.