ஒரு தடவை அச்சான எழுத்தை மறுபடி விற்கலாமா? வத்தலக்குண்டு சி.சு. செல்லப்பா காட்டிய வழி

வெற்றிமாறன் இயக்கத்தில் சூர்யா நடிப்பதாக அறிவிப்பு வந்ததிலிருந்து 'வாடிவாசல்' என்ற பெயர் எல்லோருக்கும் தெரியும். அதை எழுதிய சி.சு. செல்லப்பா தன் புத்தகங்களைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு, ஊர் ஊராகக் கல்லூரி வாசலில் போய் விற்றவர் என்பது அவ்வளவாகத் தெரியாது.

1912-ல் பிறந்த செல்லப்பா வளர்ந்தது வத்தலக்குண்டில். திண்டுக்கல்லுக்கு வடக்கே தாடிக்கொம்பு என்றால், தென்மேற்கே வத்தலக்குண்டு. 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜமய்யருக்கும், 'மணிக்கொடி' பி.எஸ். ராமையாவுக்கும் அதுதான் ஊர். ஒரு சின்ன ஊருக்கு இது கொஞ்சம் அதிகம்தான்!

மதுரையில் படிப்பு, விடுதலைப் போராட்டத்தில் சிறை, பிறகு சென்னை. 'மணிக்கொடி'யில் வந்த 'சரஸாவின் பொம்மை' அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. 1947 முதல் 1953 வரை தினமணி கதிரில் வேலை. அதற்குப் பிறகு மாதச் சம்பளம் என்று எதுவும் நிலையாக இல்லை. எழுத்துதான் பிழைப்பு, இன்றைய பேச்சில் ஃப்ரீலான்ஸர்.

ஃப்ரீலான்ஸருக்கு உள்ள பிரச்சினை அன்றும் இன்றும் ஒன்றுதான். பத்திரிகையில் கதை வந்தால் ஒரு தடவை சன்மானம் வரும். அடுத்த இதழ் வந்ததும் முந்தையது பொட்டலம் மடிக்கப் போய்விடும். அந்தக் கதையை எடுத்துத் திரும்ப அச்சேற்றினால்தான் அதற்கு மறுபிறவி.

செல்லப்பா அதைத் தானே செய்யத் துணிந்தார். 1959 ஜனவரியில், திருவல்லிக்கேணி பிள்ளையார் கோவில் தெருவிலிருந்து 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கினார். 2000 பிரதிக்கு மேல் அடிப்பதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். விற்பனையைக் கூட்டத் துடிக்கிற காலத்தில் இது என்ன பிடிவாதம் என்று தோன்றலாம். ஆனால் அந்த 2000-த்தை எட்டுவதே பெரும்பாடாக இருந்தது. 1970-ல் நிற்பதற்குள் 119 இதழ்கள் வந்தன. மனைவியின் நகைகளும் இதற்காகப் போயின.

பத்திரிகை நின்றாலும் அதில் வந்தவை நின்றுவிடவில்லை. காரணம், கூடவே அவர் நடத்திய எழுத்து பிரசுரம். 'எழுத்து'வில் தொடராக வந்த அவருடைய 'ஜீவனாம்சம்' நாவல் புத்தகமானது. 'எழுத்து'வில் வெளியான புதுக்கவிதைகளில் 24 பேருடைய 63 கவிதைகளைத் தேர்ந்தெடுத்து, 1962-ல் 'புதுக்குரல்கள்' என்று தொகுத்தார். கவிதை என்றே பலர் ஒப்புக்கொள்ளாமல் கேலி செய்த வரிகள் அவை. பின்னால் அதே தொகுப்பு பல்கலைக்கழகப் பாடமானது. பழைய இதழ்களோடு அவை போயிருந்தால் புதுக்கவிதையின் கதையே வேறு மாதிரி ஆகியிருக்கும்.

கடைகளை நம்பாமல் அவரே மூட்டை தூக்கினார். சில பயணங்களில் வல்லிக்கண்ணனும் கூடப் போனார். இதில் லாபம் பார்த்தார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கடைசிக் காலத்தில் அமெரிக்கத் தமிழர்களின் 'விளக்கு' விருது வந்தபோதுகூட, பணத்தைக் கையில் வாங்காமல் புத்தகம் போடச் சொன்னார்.

சட்டம் என்ன சொல்கிறது?

1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, வெளியிலிருந்து எழுதுபவரின் படைப்புக்கு முதல் உரிமையாளர் அவர்தான். எழுத்துமூலம் உரிமையை மாற்றிக் கொடுக்காதவரை, பத்திரிகையில் வந்ததை அவர் புத்தகமாகப் போடலாம், இன்னொரு இடத்துக்கும் கொடுக்கலாம். அப்படி மாற்றிக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 ஆண்டு என்றே கணக்கு. சம்பளத்துக்கு வேலை பார்ப்பவரின் கதை வேறு. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பத்திரிகைகளில் வெளியிடும் உரிமை நிறுவனத்துக்கு. புத்தகம் போன்ற மற்ற உரிமைகள் எழுதியவருக்கு. ஆக, கையெழுத்துப் போடும் முன் அந்த ஒரு பத்தியைப் படிப்பது நல்லது. 'அனைத்து உரிமைகளும்' என்று இருந்தால், அடுத்த தடவை விற்க உங்களிடம் ஒன்றும் மிஞ்சாது.

செல்லப்பாவின் பெரிய நாவல் 'சுதந்திர தாகம்'. மூன்று பாகங்கள். அதையும் 1997-ல் தானேதான் வெளியிட்டார். 1998 டிசம்பரில் இறந்தார். 2001-ல் அந்த நாவலுக்கு சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. அவருடைய எழுத்துக்கான காப்புரிமை, இறந்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு கணக்கில், 2058 முடிய இருக்கிறது.