ராக்கெட் கடலில் விழுந்தது: பழியை ஏற்றார் தவான்

சத்தியவேட்டில் மொட்டை மாடியில் நின்றால், ராக்கெட் கிளம்பும் நாளில் வடகிழக்கு வானத்தில் வெள்ளைப் புகைக்கோடு தெரியும். தடா, சூலூர்பேட்டை தாண்டினால் ஸ்ரீஹரிகோட்டா. அந்த ஏவுதளத்துக்கு சதீஷ் தவான் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். பெங்களூர்த் தமிழர்களுக்கும் அவர் அன்னியர் அல்ல.

தவான் 25-9-1920 அன்று காஷ்மீரில் ஸ்ரீநகரில் பிறந்தார். லாகூரில் படித்தார். என்ஜினீயரிங்கோடு ஆங்கில இலக்கியத்திலும் பட்டம் வாங்கினார். (ராக்கெட்காரருக்கு இலக்கியம் எதற்கு என்று கேட்கத் தோன்றும்!) அமெரிக்கா சென்று டாக்டர் பட்டம் பெற்று, 1951-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சேர்ந்தார். 1962-ல் அதன் இயக்குனர் ஆனார். 1972-ல் விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைவர் பதவியும் வந்தது. கழக வேலையை விடாமல் இதையும் பார்த்தார்.

1979 ஆகஸ்டு 10. எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் முதல் பயணம். எடை 17 டன். திட்ட இயக்குனர், நம் ராமேசுவரத்துக்காரர் அப்துல் கலாம்.

கடைசிக் கட்டத்தில் கம்ப்யூட்டர் திடீரென்று வேலையை நிறுத்தியது. ஒரு பகுதியில் கசிவு. கலாம் பக்கத்தில் இருந்த நிபுணர்களைக் கேட்டார். திரவம் போதுமான அளவு இருக்கிறது, பயம் இல்லை என்றார்கள். கலாம் கம்ப்யூட்டரை ஒதுக்கிவிட்டு ராக்கெட்டை ஏவச் செய்தார்.

முதல் கட்டம் நன்றாக எரிந்தது. இரண்டாம் கட்டத்தில் ராக்கெட் தடுமாறியது. 317 வினாடியில் வங்கக் கடலில் விழுந்தது. ஏழு ஆண்டு உழைப்பு தண்ணீரில் போயிற்று.

எந்திரம் சொன்னதே சரியாகிவிட்டது. அப்படியானால் முடிவை எந்திரத்திடமே விட்டுவிடலாமே என்று கேட்கலாம். ஆனால் அன்று நிருபர்கள் காத்திருந்தார்கள். கம்ப்யூட்டரா போய்ப் பதில் சொல்லும்?

தவான் போனார். கலாமைக் கைகாட்டவில்லை. நிபுணர்களைக் குறை சொல்லவில்லை. தோல்வி தன்னுடையது என்று ஏற்றுக்கொண்டார். இந்தப் பிள்ளைகள் அடுத்த ஆண்டு ஜெயிப்பார்கள் என்றார். அதே கலாமிடமே வேலையையும் விட்டுவைத்தார்.

1980 ஜூலை 18-ந் தேதி ரோகிணி செயற்கைக் கோள் வானில் நின்றது. அன்று நிருபர்களைச் சந்திக்கும்படி கலாமை அனுப்பிவைத்தார் தவான்.

1984-ல் தலைமைப் பதவியை விட்டார். பிறகு பறவைகள் பறப்பது பற்றிப் புத்தகம் எழுதினார். 3-1-2002 அன்று பெங்களூரில் காலமானார். அதே ஆண்டு ஏவுதளம் அவர் பெயரைப் பெற்றது.

2023 அக்டோபர் 21-ந் தேதி காலை, அதே இடத்தில் ககன்யான் சோதனை. புறப்பட 5 வினாடி இருக்கும்போது கம்ப்யூட்டர் நிறுத்திவிட்டது. இந்த முறை யாரும் அதை ஒதுக்கவில்லை. அது சொன்னதை அப்படியே நம்பி வீட்டுக்கும் போகவில்லை. காரணத்தைத் தேடினார்கள், கண்டார்கள், சரி செய்தார்கள். 10 மணிக்கு ராக்கெட் கிளம்பியது.