மணிக்கு 30 சென்ட்

வானத்தை அளந்தவர் யார் என்று கேட்டால் கோபர்நிகஸ் என்பார்கள், கலிலியோ என்பார்கள். பெரியவர்கள்தாம், மறுப்பார் இல்லை. ஆனால் அளப்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டாமா? எட்டாத தொலைவில் உள்ள விண்மீன் கூட்டங்களை அளக்க அளவுகோல் தந்தவர், மணிக்கு 30 சென்ட் கூலிக்கு வேலை பார்த்த ஒரு பெண்மணி. ஹென்ரியட்டா லீவிட் என்பது அவர் பெயர். வானநூல் கற்றோர் எல்லோரும் அறிந்த அந்தப் பெயரை, உழைத்து வாழும் தோழர்களும் அறிந்திருக்க வேண்டும்.

1868-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து லங்காஸ்டர் என்னும் ஊரில் அவர் பிறந்தார். தந்தை ஒரு பாதிரியார். அந்நாளில் ஹார்வர்டு பல்கலைக் கழகம் ஆண்களுக்கு மட்டுமே பட்டம் தந்தது. பெண்கள் அதை ஒட்டிய தனிக் கல்லூரியில் படிக்க வேண்டும். அதே பாடம், அதே தேர்வு. ஆனால் பட்டம் கிடையாது. 1892-இல் வெறும் சான்றிதழோடு லீவிட் அம்மையார் வெளியே வந்தார். பின்னர் காது கேட்கும் திறனும் சிறுகச் சிறுகக் குறைந்தது.

ஹார்வர்டு வானாராய்ச்சி நிலையத்தில் அவர் முதலில் ஊதியமில்லாமல் உழைத்தார். இடையில் விலகியவரை, மணிக்கு 30 சென்ட் தருவதாகச் சொல்லி 1902-இல் மீண்டும் அழைத்தார் நிலையத் தலைவர் பிக்கரிங். மற்றப் பெண்களுக்கு 25 சென்ட்தான். தொலைநோக்கியைக் கையாள்வது ஆண்களின் வேலை. அது எடுத்த படங்களை நாளெல்லாம் குனிந்து பார்த்து, கணக்கெடுத்து, ஏட்டில் எழுதுவது பெண்களின் வேலை. கணக்குப் போடும் இயந்திரத்துக்கு இன்று வழங்கும் கம்ப்யூட்டர் என்ற பெயர், அன்று அந்தப் பெண்களுக்கு வழங்கிய பெயர்!

தென்னமெரிக்காவில் பெரு நாட்டின் அரேகிப்பாவிலிருந்து கண்ணாடித் தகடுகளில் படங்கள் வந்தன. தென்வானில் மங்கிய மேகம்போல் தெரியும் இரண்டு விண்மீன் கூட்டங்களின் படங்கள் அவை. மகெல்லன் மேகங்கள் என்று அவற்றுக்குப் பெயர். சில விண்மீன்கள் ஒரே நிலையாக ஒளிர்வதில்லை. மங்கும், மீண்டும் பெருகும். அத்தகைய 1,777 விண்மீன்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து, 1908-இல் பட்டியல் தந்தார் அம்மையார். பிறகு சிறிய மேகத்தில் உள்ள 25 விண்மீன்களைத் தனியே எடுத்து ஆராய்ந்தார். ஒன்று ஒன்றேகால் நாளுக்கு ஒருமுறை மங்கிப் பெருகியது. இன்னொன்று 127 நாள் எடுத்துக் கொண்டது. ஒளி மிகுந்ததற்குக் காலமும் மிகுந்திருந்தது!

இதில் என்ன பெருமை என்று கேட்கலாம். அருகில் எரியும் அகல் விளக்கும், நெடுந்தொலைவில் எரியும் பெட்ரோமாக்ஸ் விளக்கும் இருட்டில் ஒரே அளவாகத் தெரியும். எது அருகே, எது தொலைவில் என்று கண்ணால் சொல்ல முடியாது. விளக்கின் உண்மையான ஒளி எவ்வளவு என்று தெரிந்தால்தான் தொலைவைக் கணக்கிடலாம். விண்மீன் மங்கிப் பெருகும் காலமே அதன் உண்மை ஒளியைக் காட்டிவிடும் என்பதுதான் அம்மையாரின் கண்டுபிடிப்பு. 1912-இல் அது அறிக்கையாக வெளிவந்தது. தயாரித்தவர் லீவிட் என்று உள்ளே எழுதியிருந்தது. கீழே கையொப்பம் பிக்கரிங்குடையது.

அக்காலத்தில், விண்மீன்கள் நிறைந்த பால்வழி மண்டலத்தின் நடுவே நம் சூரியன் இருப்பதாகவே அறிஞர் பலர் எண்ணினர். அந்த மண்டலமே அண்டம் முழுவதும் என்றும் பலர் நம்பினர். லீவிட்டின் அளவுகோலைக் கையில் எடுத்து, 1918-இல் ஷாப்லி என்பவர் முதல் நம்பிக்கையைத் தகர்த்தார். சூரியன் நடுவில் இல்லை. வெகுதூரம் தள்ளி ஒதுங்கிக் கிடக்கிறது என்றார். 1923-இல் கலிபோர்னியாவின் வில்சன் மலையிலிருந்து ஆண்டிரமீடா என்ற ஒளிப்படலத்தை ஆராய்ந்த ஹப்பிள், அதில் அத்தகைய விண்மீன் ஒன்றைக் கண்டார். கணக்கிட்டார். அது பால்வழிக்கு வெளியே உள்ள வேறொரு மண்டலம் என்று தெரிந்தது. இரண்டாம் நம்பிக்கையும் வீழ்ந்தது.

இன்றைய கணக்கு என்ன? பால்வழியின் நடுவிலிருந்து சுமார் 26,000 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது சூரியன். ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 23 கோடி ஆண்டு ஆகிறது. ஆண்டிரமீடா சுமார் 25 லட்சம் ஒளியாண்டுக்கு அப்பால் உள்ளது. அதுபோன்ற மண்டலங்கள் பல்லாயிரம் கோடி. அத்தனை பெரிய அண்டத்தில் ஒரு மூலையில் நாம்!

ஹப்பிளின் வெற்றியைக் காண லீவிட் அம்மையார் இல்லை. 1921 டிசம்பர் 12-ஆம் நாள், புற்றுநோயால், 53-ஆம் வயதில் மறைந்தார். விட்டுச் சென்ற உடைமை சில நூறு டாலர் மதிப்பு. 1925-இல் சுவீடன் நாட்டுக் கணித அறிஞர் மிட்டாக்-லெஃப்ளர், நோபல் பரிசுக்கு அவர் பெயரைச் சொல்ல விரும்பிக் கடிதம் எழுதினார். கடிதம் வந்தபோது அம்மையார் மறைந்து மூன்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. மறைந்தவரை அந்தப் பரிசுக்கு முன்மொழிய இயலாது.

1990-இல் விண்ணில் ஏவப்பட்ட பெரிய தொலைநோக்கிக்கு ஹப்பிளின் பெயர். அவர் அதற்குத் தகுதியானவரே. ஆனால் அந்தத் தொலைநோக்கியும் அண்டத் தொலைவுகளை அளக்கக் கையாண்டது லீவிட் வகுத்த அதே வழியைத்தான்! காலம் கடந்தேனும் அவ்விதிக்கு லீவிட் விதி என்ற பெயர் வழங்கத் தொடங்கிவிட்டது.

உழைப்பு ஒருவருடையது, கையொப்பம் இன்னொருவருடையது என்பது ஆலையில் மட்டும் நடப்பதல்ல, தோழர்களே! அறிவுக் கூடத்திலும் நடந்தது. எந்தச் சாதனையைப் பற்றிப் படித்தாலும், கீழே உள்ள கையொப்பத்தோடு நின்றுவிடாதீர்கள். குனிந்து கணக்கெடுத்தவர் யார் என்றும் கேளுங்கள்.