கணினிக்கு ஓட்டுநர் தந்த ஆசிரியர்

கணினித் துறையில் பெரும்பொருள் ஈட்டியவர்களின் பெயர்களைப் பள்ளிச் சிறுவரும் இன்று தடையின்றிச் சொல்லுவர். அப்பொருள் விளைந்த நிலத்தை முதலில் உழுது பண்படுத்தியவர்களுள் ஒருவர் கேரி கில்டால். துறை வல்லுநர் அனைவரும் அறிந்த பெயர் அது. ஆயினும் நல்வாய்ப்பு ஒன்றைக் கைநழுவவிட்டவர் என்ற ஒரே கதையால்தான் பலரும் அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள். அது நீதியன்று என்பது என் கருத்து. 1994-ஆம் ஆண்டில் தம் 52-ஆம் வயதில் மறைந்த அந்த ஆசிரியரின் வாழ்வை, கணினி அறிவியல் பயிலும் மாணவன் என்ற முறையில், நம் ஆண்டு மலர் வழியாக எடுத்துரைக்க விழைகிறேன்.

கில்டால் 1942-ஆம் ஆண்டு மே மாதம் 19-ஆம் நாள் அமெரிக்காவின் சியாட்டில் துறைமுக நகரில் பிறந்தார். அவர் குடும்பத்தார் கப்பல் செலுத்தும் கலையைக் கற்பிக்கும் பள்ளி ஒன்றை நடத்தி வந்தனர். கணித ஆசிரியராக வேண்டும் என்ற எண்ணத்துடன் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அவரை, அங்கிருந்த கணினி தன்பால் ஈர்த்துக்கொண்டது. எனினும் ஆசிரியராகும் அவா அவரை விட்டு அகலவில்லை. கடற்படையில் பணியாற்ற வேண்டிய கடமை வந்தபோது, கலிஃபோர்னியாவின் மான்டரே நகரிலுள்ள கடற்படை முதுநிலைக் கல்லூரியில் கற்பிக்கும் வாய்ப்பைப் பெற்றார். 1972-இல் முனைவர் பட்டமும் பெற்றார்.

அந்நாளில் கணினி என்றால் ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நிற்கும் பெரும் பொறி. 1971-இன் இறுதியில் இன்டெல் நிறுவனம் 4004 என்னும் நுண்செயலியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விரல்நகம் போன்ற அச்சில்லின் ஆற்றலை உணர்ந்த மிகச் சிலருள் கில்டாலும் ஒருவர். கல்லூரிப் பணிக்கிடையே இன்டெல் நிறுவனத்திற்கு ஆலோசகராகச் சென்று வந்த அவர், நுண்செயலிகளுக்காகப் பி.எல்./எம். என்னும் நிரல்மொழியை 1973-இல் உருவாக்கினார். அடுத்த ஆண்டிலேயே சி.பி./எம். என்னும் இயக்கமுறைமை பிறந்தது. நெகிழ்வட்டு இயக்ககம் ஒன்று அவரிடம் இருந்தது. அதைக் கணினியுடன் இணைக்கும் கட்டுப்பாட்டுச் சுற்றை ஜான் டொரோட் என்னும் நண்பர் அமைத்துக் கொடுத்தார். இன்டெல் நிறுவனம் அம்முறைமையை வாங்கிக்கொள்ளவில்லை. ஆகவே கில்டாலும் அவர் துணைவியார் டொரத்தியும் தாமே ஒரு நிறுவனத்தைத் தொடங்கினர். டிஜிட்டல் ரிசர்ச் என்று பின்னர் புகழ்பெற்றது அதுவே.

நண்பர்களே! அவர் ஆற்றிய தலையாய செயலை இனிக் காண்போம். அக்காலத்தில் சிறு கணினிகளைச் செய்த நிறுவனங்கள் பல. ஒன்றின் வட்டு இயக்ககம் மற்றொன்றினுடையதைப் போல் இராது. திரையும் அச்சுப்பொறியும் அவ்வாறே. புதிய கணினி ஒன்று வரும்போதெல்லாம் முறைமையைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. இம்சாய் என்னும் நிறுவனமும் தன் கணினிக்கு அதை வேண்டியபோது, கில்டால் இச்சுமைக்கு ஒரு முடிவு கட்டினார். வன்பொருளைத் தொட்டுப் பேசும் வரிகளையெல்லாம் பிரித்தெடுத்துத் தனிப் பகுதியாக்கினார். அதற்குப் பயாஸ் என்று பெயரிட்டார். எஞ்சிய பெரும்பகுதி எந்தக் கணினியிலும் மாறாமல் இருக்கும். சி.பி./எம். 2.2 பதிப்பில் அவ்விரு பகுதிகளும் பேசிக்கொள்வதற்கு 17 நுழைவாயில்களே இருந்தன. ஓர் எழுத்தைத் திரைக்கு அனுப்பு, வட்டின் இந்தத் தடத்துக்குச் செல், இந்தப் பிரிவைப் படி என்பன போன்ற எளிய ஏவல்கள் அவை.

இதை விளக்க நம் பேருந்தைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமா? எங்கள் பனவடலிசத்திரம் திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில் உள்ளது. பேருந்தில் ஏறும் நான் சங்கரன்கோவில் என்று சொல்லிப் பயணச்சீட்டு வாங்குவதோடு என் வேலை முடிந்துவிடுகிறது. இந்த வண்டியில் கியர் எப்படி விழும், பிரேக்கை எவ்வளவு மிதிக்க வேண்டும் என்பதெல்லாம் ஓட்டுநருக்குத் தெரிந்தால் போதும். நாளை வேறு வண்டி வந்தாலும் நான் சொல்லும் சொல் மாறாது. கணினியில் டிரைவர், அதாவது இயக்கி என்று நாம் குறிப்பிடும் மென்பொருளும் இத்தகைய ஓட்டுநரே. பெருங்கணினிகளில் இவ்வெண்ணம் முன்னரே இருந்ததுண்டு. சிறு கணினி உலகில் அதை நிலைநாட்டிய பெருமை கில்டாலுக்கு உரியது. ஏறத்தாழ 3000 வகைக் கணினிகளில் சி.பி./எம். ஓடியது என்பர். வேர்ட்ஸ்டார், டிபேஸ் போன்ற மென்பொருள்கள் பரவியதும் அதன் தோளேறித்தான்.

1980-இல் ஐ.பி.எம். நிறுவனத்தார் தம் புதிய கணினிக்கு முறைமை தேடிக் கில்டாலின் நிறுவனத்திற்கு வந்தனர். அன்று அவர் தம் விமானத்தை ஓட்டி மகிழச் சென்றுவிட்டார் என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது. அவர் அலுவல் காரணமாகவே சென்றிருந்தார். அன்றே திரும்பியும் வந்தார். இரகசியக் காப்பு ஒப்பந்தமும் விலை பற்றிய பேச்சும் இழுபறியாயின. இறுதியில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம், சியாட்டிலில் டிம் பாட்டர்சன் எழுதிய முறைமை ஒன்றை வாங்கி ஐ.பி.எம்.முக்கு அளித்தது. நிரல்களின் ஏவல்களுக்கு அது பின்பற்றிய முன்மாதிரி சி.பி./எம். என்பதை எண்ணிப் பாருங்கள்! பின்னர் இரண்டும் கடைக்கு வந்தபோது ஒன்றின் விலை 40 டாலர். கில்டாலுடையது 240 டாலர். மக்கள் எதை வாங்கினர் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

ஆயினும் அவர் ஓய்ந்துவிடவில்லை. குறுவட்டில் கலைக்களஞ்சியத்தை ஏற்றும் முயற்சியில் 1985-லேயே வெற்றி கண்டார். தொலைக்காட்சியில் கணினி பற்றிய தொடர் நிகழ்ச்சியை இணைந்து நடத்தி, எளிய மக்களுக்கும் புரியும்படி விளக்கினார். 1991-இல் அவர் நிறுவனம் நோவெல் நிறுவனத்திற்குக் கைமாறியது. மதுப்பழக்கமும் மனவேதனையும் அவருடைய இறுதி ஆண்டுகளை அரித்தன. 1994 ஜூலையில் மான்டரே நகரின் மதுக்கூடம் ஒன்றில் தலையில் அடிபட்ட அவர், மூன்று நாள்களுக்குப் பின், 11-ஆம் தேதி காலமானார். 20 ஆண்டுகள் கழித்து, 2014-இல், ஐ.இ.இ.இ. என்னும் பொறியாளர் அமைப்பு பசிஃபிக் குரோவ் நகரில் அவர் பணியாற்றிய இடத்தில் நினைவுப் பட்டயம் பதித்தது.

கில்டாலால் நமக்கு என்ன பயன் என்று சிலர் வினவலாம். ஒரு கணினிக்கூடத்தில் 40 கணினிகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றிலும் தனித்தனியே மென்பொருள் நிறுவினால் வாரம் ஒன்று கழியும். ஆகவே ஒரு கணினியைச் செம்மையாக அமைத்து, அதன் படிமத்தை மற்றவற்றில் பதிக்கிறார்கள். கணினிகள் பல நிறுவனத்தவையாக இருந்தால் என் செய்வது? வகைக்கொரு படிமம் வைத்தால் ஒவ்வொரு திருத்தத்தையும் அத்தனையிலும் செய்ய வேண்டும். படிமம் ஒன்றாகவும் இயக்கிகள் தனியாகவும் இருப்பதே வழி. கில்டால் பிரித்த அதே கோடு!

அவ்வியக்கிகளைத் திரட்டும் பணியையும் இன்று நிரலே செய்கிறது. ஒவ்வொரு வன்பொருளும் தன்னைச் செய்தவரின் எண்ணையும் தன் எண்ணையும் சொல்லும். இன்டெல் நிறுவனத்தின் எண் 8086. கணினியின் மாதிரிப் பெயரை அறிந்து, நிறுவனம் வெளியிடும் பட்டியலுடன் ஒப்பிட்டு, புதியவற்றை மட்டும் நிரல் இறக்கிக்கொள்ளும். கோப்பு பழுதின்றி வந்ததா, மின்னொப்பம் உரியவருடையதுதானா என்று சோதிக்கும். பின்னர் அவிழ்த்து, மாதிரி வாரியாகப் பொதிந்து வைக்கும். படிமம் பதியும் வேளையில் அந்தந்தக் கணினிக்கு உரிய பொதி மட்டும் சேரும். இதில் வலைப்பின்னல் அட்டையின் இயக்கி முதன்மையானது. அது இல்லையேல் கணினி வலைப்பின்னல் வழியாகப் படிமத்தைப் பெற இயலாது. பிற இயக்கிகளைத் தேடவும் இயலாது. எனவே தொடக்கச் சூழலிலேயே அதைச் சேர்த்துவிடுவர்.

இது கூடத்துக்கு மட்டும் உரிய செய்தியன்று. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் இலட்சக்கணக்கான மாணவர்கள் பயனடைந்தனர். அவை ஒரே நிறுவனம் செய்தவை அல்ல. பழுதாகி மீண்டும் முறைமை ஏற்றப்படும் மடிக்கணினிக்கு உரிய இயக்கி கிடைக்காவிட்டால், வீட்டில் வேறு கணினி இல்லாத சிற்றூர் மாணவனின் படிப்பு அங்கேயே நின்றுவிடும். இயக்கிகளைத் திரட்டிப் பொதிந்து வைப்பவர் அவன் படிப்பைத் தொடரச் செய்கிறார்.

செல்வத்தைக் கொண்டு அளந்தால் கில்டால் இரண்டாமவர். பிறர் கட்டுவதற்கேற்ற அடித்தளத்தை யார் அமைத்தார் என்று அளந்தால் அவர் முதல்வரிசையில் நிற்பார். மாறுவதையும் மாறாததையும் பிரித்தறிந்த அந்தத் தெளிவு ஓர் ஆசிரியருக்கே உரியது. நிரல் எழுதப் பயிலும் நாம் ஒவ்வொருவரும் நாளை வரப்போகும், நாம் காணாத கணினியையும் மனத்திற்கொண்டு எழுதுவோமாக! அதுவே அவருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.